ஆறடிக்குச் சொந்த முகம்: சுய உருவப்படமா, போஸ்டரா?

ஜனவரி 6, வாசகர் கேள்வி

ஆறடி பிளைவுட்டில் உங்கள் முகத்தையே செதுக்கி, மை பூசித் தாளில் அச்செடுக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். சுய உருவப்படம் என்றால் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தன்னைப் பார்த்து, தயங்கி, வரைவது. அச்சில் கைக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு கட்டை நிற்கிறது. அதோடு ஒன்றுக்குப் பத்தாக எடுக்கலாம். முகத்தை ஆளுயரத்துக்கு அடித்துப் பல பிரதி எடுத்தால் அதற்குப் பெயர் போஸ்டர். இதில் ‘சுயம்’ எங்கே இருக்கிறது?

ஜனவரி 6, இரவு

போஸ்டர் என்ற வார்த்தை கொஞ்சம் சுட்டது. இன்று பதில் எழுதினால் கோபத்தில் எழுதுவேன். நாளைக்கு.

ஜனவரி 7

டச்சு ஓவியர் ரெம்பிராண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் தன் முகத்தை எட்சிங்காக (உலோகத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) ஏறக்குறைய முப்பது தடவை செய்திருக்கிறார். 1630இல் செய்த சிலவற்றில் வாயைப் பிளந்து, புருவத்தைத் தூக்கி, தனக்குத்தானே கோணங்கி காட்டிக்கொண்டிருக்கிறார். அவற்றில் ஒன்று 5 சென்டிமீட்டர் உயரம்தான், தீப்பெட்டி அளவு. அவரும் பல பிரதிகள் எடுத்தவர்தான், அதற்காக அதைத் துண்டுப்பிரசுரம் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ‘பல பிரதி’ என்ற வாதம் நிற்காது.

‘நடுவில் ஒரு கட்டை நிற்கிறது’ என்பதுதான் உண்மையான கேள்வி. அந்தக் கட்டை நடுவில் நிற்பதால்தான் நான் இதைச் செய்கிறேன், அதை விளக்க எனக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். செதுக்கிச் செதுக்கிக் கை வீங்கியிருக்கிறது, தட்டச்சு செய்யவே நோகிறது.

ஜனவரி 10

சரி. கண்ணாடியில் நாம் பார்ப்பது இடவலம் மாறிய முகம். வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்துப் பழகியதால் அதுதான் ‘நான்’ என்று மனதில் பதிந்துவிடுகிறது. கண்ணாடி பார்த்து கான்வாஸில் வரைகிறவர் அந்த மாறிய முகத்தைத்தான் வரைகிறார்.

இப்போது அதே கண்ணாடியைப் பார்த்து நேராகக் கட்டையின்மேல் வரையுங்கள், செதுக்குங்கள், மை பூசித் தாளில் எடுங்கள். அச்சு என்றாலே படம் இடவலம் திரும்பும். ஏற்கெனவே திரும்பியது இன்னொரு முறை திரும்பினால் என்ன ஆகும்? நேராகிவிடும். அதாவது தாளில் வருவது நீங்கள் பார்க்கும் நீங்கள் இல்லை, தெருவில் எதிரே வருகிறவர் பார்க்கும் நீங்கள்.

எனக்கு இடது கன்னத்தில், மூக்கை ஒட்டி, மிளகளவு ஒரு மச்சம் உண்டு. முதல் சோதனைத் தாளைத் தூக்கிப் பார்த்தபோது அது எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. வகிடும் மாறிவிட்டது. மேலே கொஞ்சம் தூக்கலான உதடு கீழே போகவில்லை, பக்கம் மாறிப்போயிருந்தது, ஆனால் அதுவே போதும், என் சிரிப்பு வேறு யாருடையதோ ஆகிவிட்டது. செதுக்கியதில் தப்பு நடந்துவிட்டது என்று அரைமணி நேரம் கட்டையையும் தாளையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வந்து எட்டிப் பார்த்தவள், “அட, அச்சு அசல் நீயேதான்” என்றாள். கண்ணாடியிலிருந்து நான் முதலில் வரைந்துவைத்திருந்த கரித்துண்டு வரைபடத்தைப் பார்த்தபோது அவள் சொன்னது, “நல்லாயிருக்கு, யாரு இது?”

ஆக, என்னை எனக்குத் தெரியாத படத்தில் அவளுக்கு என்னைத் தெரிகிறது. இதில் எது சுயம் என்று நீங்களே சொல்லுங்கள். (‘அச்சு அசல்’ என்ற தொடரை யார் சேர்த்துவைத்தார்களோ, அச்சு வேறு அசல் வேறு என்று அடித்துக்கொள்கிறவர்கள் அதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.)

ஜனவரி 11

நேற்று எழுதியதில் ஒரு பிழை. ‘அச்சு என்றாலே திரும்பும்’ என்று அடித்துவிட்டிருக்கிறேன். மரச்செதுக்கு, லினோ (மரத்துக்குப் பதில் லினோலியம் விரிப்பில் செதுக்குவது), எட்சிங், கல்லச்சு (கல்லின்மேல் வரைந்து எடுப்பது) இவற்றில் திரும்பும். திரையச்சில் திரும்பாது, மை வலை வழியாக நேராகக் கீழே இறங்குகிறது. புத்தகமும் செய்தித்தாளும் அடிக்கும் ஆஃப்செட்டில் நடுவே ரப்பர் உருளை ஒன்று இருப்பதால் இரண்டு முறை திரும்பி நேராகிவிடும்.

இன்னொன்று. போட்டோ வைத்து வேலை செய்கிறவர்களுக்கு நான் சொன்னது தலைகீழ். போட்டோ ஏற்கெனவே பிறர் பார்க்கும் முகம். அதை அப்படியே கட்டையில் படியெடுத்தால் அச்சில் கண்ணாடி முகம் வரும். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், செதுக்கியபின் அழ முடியாது. செல்ஃபி இன்னும் மோசம்: எடுக்கும்போது கண்ணாடி மாதிரி காட்டுகிறது, சேமிக்கும்போது சில போன்கள் திருப்பிவிடுகின்றன, சில திருப்புவதில்லை.

ஜனவரி 15

ஏன் ஆறடி, ஒரு முழம் போதாதா என்று கேட்டிருந்தார்கள்.

போதும். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1920களில் மரத்தில் செதுக்கிய தன் முகம் ஒன்று ஒரு சாண்கூட இருக்காது. கறுப்பு, கறுப்புக்குள் சில வெள்ளைக் கீறல், அதிலிருந்து அந்த அம்மா நம்மை நேராகப் பார்க்கிறார். நூறுக்குமேல் சுய உருவங்கள் செய்தவர். அந்தச் சின்னத் தாளின் கனம் என் ஆறடிக்கு வராது என்று எனக்கே தெரியும்.

ஆனால் பெரியது என்பது சின்னதைப் பெரிதாக்கியது இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பலகை வீணாய்ப் போனது. முதலில் ஒரு சின்ன லினோ செய்து, அதைக் கட்டமிட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிய பலகைக்கு மாற்றினேன். வரைந்தவரை அழகாக இருந்தது. உளியை எடுத்ததும் கதை மாறியது. உளியின் வாய் மூன்று மில்லிமீட்டர். சின்ன லினோவில் அந்த ஒரு கீறல் மூக்குத் துவாரம், முடிந்தது வேலை. ஆறடிப் பலகையில் அதே கீறல் தோலில் ஒரு துளைகூட இல்லை. மூக்குத் துவாரம் இப்போது என் உள்ளங்கையைவிடப் பெரிய பள்ளம், அதை என்ன செய்வது? வெறுமனே வெட்டி எறிந்தால் பொக்கையாகத் தெரிகிறது. அதற்குள் ஒரு நிலப்பரப்பு வேண்டும், மேடு வேண்டும், கீறல்கள் ஓடும் திசை வேண்டும். நாற்பது வருடமாகச் சுமந்துகொண்டு திரியும் மூக்கைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம், செதுக்கும்போது முழு முகமும் கண்ணில் படாது. நெற்றிமேல் மண்டியிட்டுக்கொண்டு கண்ணைச் செதுக்குகிறேன். இமை எங்கே முடிகிறது என்று பார்க்க எழுந்து நாற்காலியில் ஏற வேண்டும். நாளுக்கு முப்பது தடவை ஏறி இறங்கினேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தயங்குவது என்று சொன்னீர்களே, இங்கே தயக்கம் முழங்காலுக்கு வருகிறது.

ஜனவரி 16

பிளைவுட் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. மேலடுக்கின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வரையுங்கள். நாருக்குக் குறுக்கே வெட்டினால் ஓரம் சிம்பு சிம்பாகப் பிய்த்துக்கொள்ளும், அடுக்குகளுக்கு நடுவே உள்ள பசை உளியின் கூர்மையைத் தின்றுவிடும். அடிக்கடி தீட்டுங்கள். புதுப் பலகை மையைக் குடிக்கும், முதல் இரண்டு மூன்று தாள்கள் சாம்பலாகத்தான் வரும், மனம் விட வேண்டாம்.

ஜனவரி 21

அச்செடுத்த கதை. அச்சுப்பொறி கிடையாது. ஆறுக்கு நான்கு அடியை விழுங்கும் பொறி யாரிடம் இருக்கிறது?

ஜப்பானியர் மரஅச்சுக்குப் பயன்படுத்தும் தேய்ப்புத் தட்டு ஒன்று உண்டு. வட்டமாக, உள்ளே மூங்கில் நார் சுருள், மேலே மூங்கில் மட்டை சுற்றியது. அதன் பெயர் பேரன். கல்யாண வயதில் பிள்ளைகூட இல்லாத எனக்கு இரண்டு பேரன்கள் இருக்கிறார்கள். பேரனை வைத்து ஆறடியைத் தேய்த்தால் தோள்பட்டை கழன்றுவிடும், முன்நெற்றி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே தாளின்மேல் கம்பளியை விரித்து, காலுறை போட்டுக்கொண்டு, ஏறி நடந்தேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எடை அதேதான், அது படும் பரப்பு குறையக் குறைய அழுத்தம் கூடும். முழுப் பாதம் வைத்தால் கன்னத்தின் பெரிய கறுப்பு சுமாராக வந்தது. குதிகாலில் நின்றால் நன்றாக வந்தது. கண்ணிமை மாதிரி மெல்லிய கோடுகளுக்குக் குதிகாலும் போதவில்லை, கம்பளியை எடுத்துவிட்டு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். சொந்த முகத்தை ஒன்றரை மணிநேரம் மிதித்திருக்கிறேன். எவ்வளவோ நாள் செய்ய நினைத்ததுதான்.

நடக்கும்போது வாய்ப் பக்கம் தாள் ஒரு நூல் நகர்ந்துவிட்டது. உதடு இரட்டையாக விழுந்தது. கிழித்துப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 22

கிழிக்கவில்லை. காரணம் சக் குளோஸ், முகங்களை ராட்சத அளவில் செய்த அமெரிக்க ஓவியர்.

1972இல் அவர் செய்த ‘கீத்’ என்ற மெஸ்ஸோடின்ட் (உலோகத் தகட்டு அச்சில் ஒரு வகை), தகடு மட்டுமே ஒரு மீட்டருக்குமேல் உயரம். அந்த முறையில் அவ்வளவு பெரிதாக யாரும் செய்யாத காலம். மெஸ்ஸோடின்ட்டில் முழுத் தகடும் முதலில் கறுப்பு, அதைச் சுரண்டி வழவழப்பாக்கித்தான் வெளிச்சத்தைக் கொண்டுவர வேண்டும். அவர் வாயிலிருந்து ஆரம்பித்து, சரியாக வருகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதனைத் தாள் எடுத்தார். ஒவ்வொரு தாளுக்கும் அந்த இடம் தேய்ந்துகொண்டே போனது. கடைசியில் வாய்ப் பக்கம் மட்டும் வெளிறி, கட்டக் கோடுகள் வெளியே தெரிந்தன. அவர் மறைக்கவில்லை. அப்புறம் அவருடைய படங்களில் கட்டத்தை ஒளிக்காமல் விடுவதே வழக்கமாயிற்று.

அது அவர் முகம் இல்லை, நண்பருடையது. சொந்த முகத்தையும் பிற்பாடு பல அச்சு முறைகளில் செய்தார். முகங்களை அடையாளம் காண முடியாத குறைபாடு அவருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரே ஆடி அசையும் முகம் மனதில் நிற்காது, தட்டையாக்கிக் கட்டம் கட்டினால்தான் நிற்கும். நடுவில் கட்டை நிற்பதால் என்ன லாபம் என்றால், இதுவும் ஒன்று.

என் இரட்டை உதடு தேய்மானம் இல்லை, வெறும் கவனக்குறைவு. இருந்தாலும் பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்த மாதிரி இருக்கிறது. நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன், இருக்கட்டும்.

ஜனவரி 24

தாள் காய்ந்தது. புதுச் சிக்கல். நான்கடி அகலத்தில் ஒரே தாள் கிடைக்காமல் சுருளிலிருந்து இரண்டு நீளத் துண்டாக வெட்டி, மூக்குத்தண்டில் இணைவது மாதிரி வைத்திருந்தேன். மை நன்றாகப் பிடிக்க இரண்டையும் ஈரப்படுத்தினேன். ஈரத்தில் தாள் விரியும், நார் ஓடும் திசையில் கொஞ்சமாக, குறுக்கே அதிகமாக. ஒரு பாதியை நடந்து முடிப்பதற்குள் மற்றது பாதி காய்ந்துவிட்டது. ஈரமாக அச்சானது காய்ந்தபின் சுருங்கியது, காய்ந்து அச்சானது சுருங்க இடமில்லை. இப்போது என் வலப்பாதி இடப்பாதியைவிட 4 மில்லிமீட்டர் ஒல்லி.

ஜனவரி 29

பேச்சு எங்கெங்கோ போகிறது, போகட்டும். அழுத்தம் பற்றிச் சொன்னதும் ரோடு ரோலர் வைத்து எடுக்கலாமே என்றார்கள். எடுக்கிறார்கள். ரோலர் பலகைமேல் திடீரென்று ஏறினால் ஓரம் நசுங்கி, தாள் முன்னால் தள்ளப்பட்டுவிடும். அதனால் பலகைக்கு முன்னும் பின்னும் அதே கனத்தில் வேறு பலகை வைத்து, ரோலர் சமமாக வந்து ஏறும்படி செய்ய வேண்டும். தாளைவிடத் துணி நன்றாகத் தாங்கும்.

கார் என்றால் அமெரிக்க ஓவியர் ராஷன்பெர்க். 1953இல் இருபது தாள்களை ஒட்டி நீளமாகத் தெருவில் விரித்து, இசையமைப்பாளர் ஜான் கேஜை ஃபோர்டு காரில் ஏற்றி, சக்கரத்துக்குப் பெயிண்ட் போட்டு ஓட்டச் சொன்னார். இருபது அடிக்குமேல் ஒரே ஒரு டயர்த் தடம். அது யாருடைய உருவப்படம் என்று கேட்டால், காருடையது என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அவரே 1967இல் செய்த ‘பூஸ்டர்’ இந்தப் பேச்சுக்கு நேராகவே சேரும். தன் முழு உடம்பையும் எக்ஸ்ரே எடுத்து ஆறடிக் கல்லச்சாக ஆக்கினார். ஒரே தட்டில் முழு ஆளை எடுக்க வசதி கிடைக்காமல் ஓரடி ஓரடியாக எடுத்துச் சேர்த்தார். அவ்வளவு பெரிய கல்லும் கிடைக்காமல் இரண்டு கல்லில் அச்சடித்தார்கள். என் மூக்குத்தண்டுப் பிரச்சினை எனக்கு முன்னாலேயே அவருக்கு இடுப்பில் வந்திருக்கிறது.

எலும்பு தெரிகிறது, முகம் தெரியவில்லை. அது சுய உருவப்படமா என்று கேள்வி கேட்டவரிடம் கேட்கிறேன். தோலுக்கு உள்ளே போனபின்னும் அது அவர்தானே?

ஜனவரி 30

நேற்றைய கடைசி வரி வக்கீல் வாதம். மண்டையோட்டைக் காட்டி இது இன்னார் என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர் தெரிந்ததால் நமக்கு அவர். வாபஸ்.

அமெரிக்கக் கலைஞர் கிகி ஸ்மித் இதைவிட நல்ல உதாரணம். 1995இல் ‘மை ப்ளூ லேக்’ என்று ஒன்று செய்தார். பொருளைச் சுற்றி முழு வட்டமாகப் படமெடுக்கும் காமிரா ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தது, அதில் தன் தலையையும் தோளையும் எடுத்து, விரித்துப்போட்ட தோலாக அச்சடித்தார். உலக உருண்டையைத் தட்டை வரைபடமாக விரித்தால் துருவங்கள் இழுபடுமே, அது போல. அதில் அவரை அடையாளமும் தெரிகிறது, மனித முகமாகவும் இல்லை.

பிப்ரவரி 4

அதைப் பார்த்த ஆசையில் கட்டையே இல்லாமல் ஒன்று முயன்றேன். அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1962இல் முகத்திலும் கையிலும் எண்ணெய் தடவித் தாளில் அழுத்தி, மேலே கரி தேய்த்திருக்கிறார். இன்னொரு அமெரிக்கர் டேவிட் ஹாமன்ஸ் 1960களின் கடைசியிலிருந்து உடம்பில் மார்கரின் (வெண்ணெய் மாதிரியான கொழுப்பு) தடவி அழுத்தி, நிறப்பொடி தூவினார். எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் பொடி ஒட்டும். முறை அவ்வளவுதான்.

சுவரில் தாளை ஒட்டி, முகத்தில் சமையல் எண்ணெய் தடவி, நெற்றியிலிருந்து தாடைவரை உருட்டி உருட்டி அழுத்தினேன். கிராஃபைட் பொடியைத் தூவி ஊதினேன். வந்தது ஒரு வறட்டி. மூக்கு நசுங்கி, கன்னம் இரண்டும் காதுவரை ஓடி, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் குழி. குழி தாளைத் தொடாதே. ஆனால் தோல்! நெற்றிச் சுருக்கம், மீசைக்கடியில் தழும்பு, வலப்பக்கத்தில் மச்சம் கறுப்பாக, உப்பலாக. மூன்று மாதம் உளியால் தேடிய தோல் பத்து நொடியில் வந்து விழுந்திருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம். முகத்தை நேராக அழுத்தினால் விழுவது கண்ணாடி முகம். வலது கையைச் சுவரில் பதித்துவிட்டுப் பாருங்கள், வலது கையைக் கண்ணாடியில் பார்ப்பது போலவே இருக்கும். ஆக, கட்டை நடுவில் நிற்கும் அச்சு மற்றவர்கள் பார்க்கும் முகத்தைத் தருகிறது, எதுவுமே நடுவில் நில்லாத அச்சு நான் மட்டும் பார்க்கும் முகத்தைத் தருகிறது. அக்காவிடம் காட்டினேன். “எந்த மிருகம்?” என்றாள்.

பிப்ரவரி 5

முகத்தில் அச்சு மையை எக்காரணம் கொண்டும் பூசாதீர்கள். கிராஃபைட் தூவும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டிக்கொள்ளவில்லை, இரண்டு நாள் கறுப்பாகத் தும்மினேன்.

பிப்ரவரி 13

எத்தனை பிரதி என்ற கேள்விக்கு: மூன்று. மூன்றும் வேறு வேறு. ஒன்று இரட்டை உதடு. இரண்டாவது சுத்தமாக வந்தது, யாருக்கும் பிடித்துப்போகும், எனக்கு அலுத்துவிட்டது. மூன்றாவது, மறுபடி மை பூசாமல், கட்டையில் மிச்சமிருந்த மையில் எடுத்தது. புகை மாதிரி, நெற்றி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. மேலே 7ஆம் தேதி ‘பல பிரதி என்ற வாதம் நிற்காது’ என்று வேகமாக எழுதினேன். இப்போது கொஞ்சம் நிற்கிறது என்று தோன்றுகிறது. இரண்டாவதைப் போலவே இன்னும் ஐம்பது எடுத்திருந்தால் நீங்கள் சொன்ன போஸ்டராகத்தான் ஆகியிருக்கும், அளவால் இல்லை, அலுப்பால். மூன்றாவதைத்தான் மாட்டப் போகிறேன்.

பிப்ரவரி 17

ஒருவர் பிடித்துவிட்டார். “10ஆம் தேதி மச்சம் இடது கன்னத்தில் என்கிறீர்கள். 4ஆம் தேதி முகத்தை அழுத்திய தாளில் அது வலப்பக்கம் விழுந்தது என்கிறீர்கள். கண்ணாடி போல விழும் என்றால் இடது கன்னத்து மச்சம் தாளிலும் இடப்பக்கம்தானே வர வேண்டும்?”

தாளை மறுபடி பார்த்தேன், வலப்பக்கம்தான். கட்டையைப் பார்த்தேன். விதியைத் தப்பாக எழுதிவிட்டேனோ என்று இரண்டு கையையும் சுவரில் பதித்துப் பார்த்தேன், விதி சரி. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு மச்சத்தைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.

வலது கன்னம்.